கேரீத் ஆறு வற்றியபின் எங்கே போவது?

அன்புள்ள ஆலோசகருக்கு,

ஸ்தோத்திரம். பாளையங்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமத்தில் அரசு உதவிபெறும் நடுநிலைப்பள்ளி ஒன்றில் 34 ஆண்டுகள் வேலை பார்த்தேன். கடைசி 11 ஆண்டுகள் தலைமை ஆசிரியை. ஊரில் என்னைப் 'பெரிய டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார்கள். மே 31-ஆம் தேதி ஓய்வு பெற்றேன். அதே மாதத்தில் ஞாயிறு பள்ளிப் பொறுப்பையும் இளையவர்களிடம் ஒப்படைக்கும்படி எங்கள் சபைப் போதகர் ஐயர் கேட்டுக்கொண்டார். நல்ல மனதோடுதான் கொடுத்தேன். ஆனால் வீட்டுக்கு வந்தபிறகுதான் கை வெறுமையாக இருப்பது தெரிந்தது.

இப்போது மூன்று மாதம் ஆகிறது. விடியற்காலை மூன்றரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது, அதன்பின் தூக்கம் இல்லை. ஒருத்திக்காகச் சமைக்க மனம் வரவில்லை. நான்கு கிலோ எடை குறைந்திருக்கிறது. காலை 9.20 ஆனால் பள்ளி மணி அடிப்பதுபோல் நெஞ்சு படபடக்கிறது. அழுதால் சபைப் பெண்கள், "இவ்வளவு நன்மை பெற்றுக்கொண்டு முறுமுறுக்கலாமா?" என்கிறார்கள். என் கணவர் இறந்து நான்கு வருடம் ஆகிறது. அப்போதுகூட இரண்டே வாரத்தில் பள்ளிக்குப் போய்விட்டேன், இப்படி அழவில்லை.

மகன் பெங்களூரில் இருக்கிறான். வீட்டை விற்றுவிட்டு வந்துவிடுங்கள், அந்தப் பணத்தில் பெரிய ஃபிளாட் வாங்கி எல்லாரும் ஒன்றாக இருக்கலாம் என்கிறான். வீடு என் கணவர் பேரில் இருக்கிறது, உயில் எழுதவில்லை. நாகர்கோவிலில் இருக்கும் மகளிடம் சொன்னேன். "உங்கள் இஷ்டம் அம்மா" என்றதோடு சரி. இதற்கிடையில், வடநாட்டில் பிள்ளைகள் இல்லம் நடத்தும் ஒருவர் சபைக்கு வந்தபோது, "உங்களைப் போன்ற அனுபவசாலிதான் எங்களுக்குத் தேவை" என்று அழைத்தார். ஓய்வூதியப் பலன்கள் வந்ததும் கட்டிட வேலைக்கு உதவும்படியும் கேட்டிருக்கிறார்.

வருடப்பிறப்பு ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்தச் சீட்டு, அதாவது அந்த வருடத்துக்கென்று எடுக்கும் வேதவசனச் சீட்டு, ஏசாயா 43:19, "இதோ, நான் புதிய காரியத்தைச் செய்கிறேன்." அந்தப் புதிய காரியம் எது என்று தெரியவில்லை. போன வாரம், "வெள்ளிக்கிழமைக்குள் புரோக்கர் போன் செய்தால் வீட்டை விற்பது உம்முடைய சித்தம் ஆண்டவரே" என்று ஜெபித்தேன். வியாழக்கிழமையே போன் வந்துவிட்டது. வாரம் இரண்டு தடவை பேசுகிறவர்தான், ஆனாலும் திகைத்துப் போனேன். வருகிற 15-ஆம் தேதி அட்வான்ஸ் தருகிறேன் என்கிறார். 34 வருடம் என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. இப்போது ஆண்டவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாரோ என்று பயமாக இருக்கிறது. சில நாள், "போதும் ஆண்டவரே" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் சகோதரி,
பாளையங்கோட்டை


அன்புள்ள டீச்சர்,

15-ஆம் தேதிக்கு நாள் அதிகம் இல்லை, அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அட்வான்ஸ் வாங்காதீர்கள். அக்ரிமென்ட் எழுதிப் பணம் வாங்கியபின் மனம் மாறினால், கிரயம் செய்து தரச் சொல்லி வாங்குபவர் நீதிமன்றம் போக முடியும். புரோக்கரிடம் விளக்கம் எதுவும் வேண்டாம். "வாரிசுகள் இன்னும் பேசி முடிக்கவில்லை, இந்த வருடம் விற்பனை இல்லை" என்ற ஒரு வரி போதும். அது உண்மையும்கூட. கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு, மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக. உங்களுக்கு ஒரு மகன், ஒரு மகள்தான் என்றால், அந்த வீட்டில் மூவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. மகள் கையெழுத்து இல்லாமல் முழு வீட்டை விற்க முடியாது. "உங்கள் இஷ்டம் அம்மா" என்று அவர் சொன்னதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்பா கட்டிய வீடு கைமாறப் போகிறது என்று கேட்ட மகளுக்கு வேறு வார்த்தை வராமல் போயிருக்கலாம். நேரில் போய் ஒரு நாள் தங்கிப் பேசுங்கள்.

அடுத்தது உடம்பு. மூன்றரை மணி விழிப்பு, எடை குறைவு, சமைக்க மனமின்மை, படபடப்பு எல்லாம் சேர்ந்து வரும்போது அதை ஆவிக்குரிய சோர்வு என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலான நாட்களில், பெரும்பாலான நேரம் இப்படி இருந்தால் மனச்சோர்வு நோயா என்று மருத்துவர்தான் பார்த்துச் சொல்லவேண்டும். உங்களுக்கு அந்த அளவு தாண்டிவிட்டது. இந்த வாரமே பொது மருத்துவரிடம் போய், தைராய்டு, ஹீமோகுளோபின், வைட்டமின் பி12, வெறும் வயிற்றுச் சர்க்கரை நான்கையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அறுபது வயதில் இவற்றில் ஒன்று குறைந்தாலோ கூடினாலோ வருகிற சோர்வும் படபடப்பும், ஆண்டவர் கைவிட்டதுபோன்ற உணர்வை அப்படியே உண்டாக்கும். இரத்தத்தில் குறை எதுவும் இல்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை தேவை என்று அவர் சொன்னால், அதைச் சாப்பிடுவது விசுவாசக் குறைவு ஆகாது. பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். பத்து நாளில் "ஒன்றும் ஆகவில்லை" என்று நிறுத்திவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு.

"போதும் ஆண்டவரே" என்று எழுதியிருக்கிறீர்கள். நேராகவே கேட்கிறேன். களைப்பில் வந்த சொல்லா, அல்லது உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணமா? இரண்டாவது என்றால், ஒருமுறை வந்தாலும் சரி, அன்றைக்கே 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். அரசின் டெலி-மானஸ் என்ற மனநலத் தொலைபேசி சேவை அது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். மகளிடமும் சொல்லிவிடுங்கள்.

எலியா தீர்க்கதரிசி சொன்னதும் இதே வார்த்தைதான் என்று உங்களுக்குத் தெரியும். 1 இராஜாக்கள் 19-இல் அதற்கு என்ன பதில் கிடைத்தது என்று வரிசையைக் கவனியுங்கள். சூரைச்செடியின் கீழ் முதலில் தூக்கம். பிறகு தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும். மறுபடி தூக்கம், மறுபடி சாப்பாடு. "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்கிற தேவதூதன் அந்தப் பிரயாணத்தின் திட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போனபின்தான், "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வியும் அமர்ந்த மெல்லிய சத்தமும் வருகின்றன. அடுத்த வேலை அதற்கும் பிறகுதான். தூக்கமும் சோறும் இல்லாத மூன்று மாதத்துக்குள் அடுத்த இருபது வருடத்தின் வரைபடத்தை நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ஆண்டவர் பேசுவதை நிறுத்திவிட்டார் என்று நான் நினைக்கவில்லை. உங்களுக்கு இப்போது வந்திருக்கும் வார்த்தை "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்பதாக இருக்கலாம். ஆகவே காலையும் மதியமும் இரவும் தட்டில் ஏதாவது இருக்கவேண்டும். ஒருத்திக்குச் சமைக்க மனம் வராவிட்டால் ஆறு வாரத்துக்கு மதியச் சாப்பாட்டை மட்டும் மெஸ்ஸிலிருந்து வரவழையுங்கள். பக்கத்து வீட்டோடு சேர்ந்து சமைத்தாலும் சரி.

மூன்றரை மணிக்கு விழித்தால் இருபது நிமிடம் பார்த்துவிட்டு, தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் நாற்காலியில் உட்காருங்கள். போனைத் தொடாதீர்கள். சங்கீதம் ஒன்றை மெதுவாக வாசியுங்கள், தூக்கம் வந்ததும் படுக்கைக்குத் திரும்புங்கள். அந்த நேரத்தில் வருகிற எண்ணங்களுக்குத் தனி நோட்டு ஒன்று வைத்து, ஒரு வரியில் எழுதி மூடிவிடுங்கள். காலை பத்து மணிக்கு அதைத் திறந்து பாருங்கள். மூன்றரை மணிக்கு மலையாகத் தெரிந்ததில் பாதி, பத்து மணிக்குத் தானாகவே சிறிதாகிவிடும். எந்த முடிவையும் அந்த இருட்டு நேரத்தில் எடுக்கவேண்டாம், "ஆண்டவர் சொன்னார்" என்று தோன்றினாலும்கூட.

கணவர் இறந்தபோது அழாதவள் இப்போது ஏன் அழுகிறேன் என்று கேட்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. அப்போது இரண்டு வாரத்தில் பள்ளி உங்களை வாங்கிக்கொண்டது. வருகைப் பதிவேடும், சத்துணவும், கல்வி அலுவலகத் தபாலும் அந்தத் துக்கத்தின்மேல் நான்கு வருடம் மூடிபோல் கிடந்தன. மே 31-ஆம் தேதி மூடியை எடுத்துவிட்டார்கள். இப்போது அழுவது பள்ளிக்காக மட்டும் இல்லை, அவருக்காகவும்தான். அவர் கட்டிய வீட்டையும் விற்றால், மூன்றாவது இழப்பையும் அதே வருடத்தில் நீங்களே கூட்டிக்கொள்வீர்கள். எந்த மனிதருக்கும் அது அதிகம்.

சபைப் பெண்கள் சொல்வதைப் பற்றி: முறுமுறுப்பும் புலம்பலும் வேதத்தில் ஒன்றல்ல. வனாந்தரத்தில் ஜனங்கள் தங்கள் கூடாரங்களில் உட்கார்ந்து ஆண்டவரைப் பற்றிக் குறை பேசினார்கள், அது முறுமுறுப்பு. ஆண்டவரிடமே போய் முறையிடுவது சங்கீதம். 13-ஆம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள். முதல் இரண்டு வசனத்துக்குள் 'எதுவரைக்கும்' என்ற சொல் நான்கு முறை வருகிறது. மொத்தமே ஆறு வசனம்: இரண்டு கேள்விக்கு, இரண்டு வேண்டுதலுக்கு, இரண்டு நம்பிக்கைக்கு. அதே அமைப்பில் நீங்களும் ஆறு வாக்கியம் எழுதுங்கள். முதல் நான்கும் உண்மையாக வந்தபின்தான் கடைசி இரண்டை எழுதவேண்டும். நம்பிக்கை வாக்கியத்தை முதலிலேயே எழுதிவிட்டால் மற்றவை உள்ளேயே தங்கி, மூன்றரை மணிக்கு எழுப்பும். மோசேக்காக இஸ்ரவேலர் முப்பது நாள் அழுதார்கள், ஆரோனுக்காகவும் முப்பது நாள். அடுத்த தலைவன் யோசுவா ஆயத்தமாக நின்றுகொண்டிருந்தான், எதிரே யோர்தான். ஆனாலும் அந்த நாட்கள் முடிந்தபின்தான் பாளயம் நகர்ந்தது.

இனி வாக்குத்தத்தச் சீட்டு. அந்த வசனம் பாபிலோன் சிறையிருப்பில் இருந்த ஜனங்களுக்கு, வீடு திரும்பும் வழியைப் பற்றிச் சொல்லப்பட்டது. "நீங்கள் அதை அறியீர்களா?" என்று பன்மையில் கேட்கிறார். வழியே இல்லாத வனாந்தரத்தில் வழி உண்டாக்குகிறவர் ஆண்டவர் என்பதை அதிலிருந்து நீங்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், அதன்மேல் சாய்ந்துகொள்ளலாம். ஊர், தேதி, விலை இவற்றை அதிலிருந்து எடுக்கமுடியாது. புதிய காரியம் செய்கிறேன் என்றவர் பழைய வீட்டை விற்கச் சொல்லவில்லை. சீட்டு எடுக்கும் வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை, வருடம் முழுவதும் ஒரு வசனத்தைச் சுமந்து தியானிக்க அது உதவுகிறது. அதையே முடிவெடுக்கும் கருவியாக்கும்போதுதான் ஆபத்து.

புரோக்கர் போன் விஷயமும் அப்படித்தான். தோல்மேல் மட்டும் பனி பெய்யட்டும் என்று அடையாளம் கேட்டு, கிதியோன் ஆட்டுத்தோலைக் களத்தில் போடுவதற்கு முன்பே கட்டளை அவனிடம் இருந்தது. "உனக்கு இருக்கிற இந்தப் பலத்தோடே போ" என்று நியாயாதிபதிகள் 6:14-இல் சொல்லியாகிவிட்டது. தோலைப் போடும்போதும் "நீர் சொன்னபடி" என்றுதான் கேட்கிறான். எங்கே போவது என்று அறிய அவன் தோல் போடவில்லை. அதோடு, அவன் கேட்டது தானாக நடக்கக்கூடிய ஒன்றும் அல்ல. நீங்கள் கேட்டதோ, வாரம் இரண்டு தடவை பேசுகிறவர் அந்த வாரமும் பேசுவாரா என்பது. அவர் பேசாமல் இருந்திருந்தால்தான் அதிசயம். இதற்காக உங்களைக் கடிந்துகொள்ளாதீர்கள். பாரம் தாங்காதபோது யாராவது முடிவு சொல்லிவிட்டால் போதும் என்று மனம் தேடும், அவ்வளவுதான்.

அப்படியானால் நடத்துதல் எப்படித்தான் வரும்? கேரீத் ஆற்றண்டையில் எலியா இருந்த பகுதியை இந்தக் கண்ணோடு ஒருமுறை வாசியுங்கள். அங்கே போ என்றவர் ஆண்டவர்தான், சாப்பாடு கொண்டுவரக் காகங்களை அனுப்பியவரும் அவர்தான். மழை இல்லாததால் சில நாளுக்குப்பின் ஆறு வற்றிப்போனது என்கிறது 1 இராஜாக்கள் 17:7. எலியா தப்பு செய்ததாக ஒரு சொல்லும் அங்கே இல்லை. ஆற்றில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்த நாட்களில் முன்னறிவிப்பு எதுவும் வந்ததாகவும் எழுதவில்லை. வற்றியபின்தான் அடுத்த வசனம், "சாறிபாத் ஊருக்குப் போ." உங்கள் ஆறு வற்றியது அரசாணைப்படி, அறுபது வயதில். அது தண்டனை அல்ல, அழைப்பு பொய்யானதற்கு அடையாளமும் அல்ல. வேலையிலிருந்து ஓய்வு என்பது நியாயப்பிரமாணத்திலேயே இருக்கிறது. எண்ணாகமம் 8:24 முதல் 26 வரை பாருங்கள். ஆசரிப்புக் கூடாரத்தில் ஊழியம் செய்த லேவியர் 25 வயதில் பணிக்கு வந்து, 50 வயதில் அந்தச் சேவகத்தை விடவேண்டும். அதன்பின் தங்கள் சகோதரரோடுகூட காவல் காக்கலாம். பாரம் சுமக்கும் வேலை இனி அவர்களுக்கு இல்லை, இளையவர்களுக்குப் பக்கத்தில் நிற்கும் இடம் இருக்கிறது.

அப்போஸ்தலன் பவுலுக்கு நடந்ததையும் பாருங்கள் (அப்போஸ்தலர் 16). ஆசியாவில் தடை, பித்தினியாவில் தடை, துரோவாவில் ராத்திரி தரிசனம். தரிசனம் கண்டவன் ஒருவன், ஆனால் மக்கெதோனியாவுக்குப் போகும்படி கர்த்தர் அழைத்தார் என்று "நாங்கள் நிச்சயித்துக்கொண்டு" புறப்பட்டோம் என்று பன்மையில் எழுதியிருக்கிறது. மூடின கதவுகள், வந்த தரிசனம், கூட இருந்தவர்களின் யோசனை மூன்றும் சேர்ந்துதான் முடிவானது. உங்களுக்கும் மூன்று பேர் வேண்டும்: பணக் கணக்கு தெரிந்தவர் ஒருவர், உங்கள் சேகரத்துக்கு (போதகரின் சபை வட்டத்துக்கு) வெளியே உள்ள ஒரு மூத்த ஊழியர், 'வேண்டாம்' என்று உங்கள் முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய பழைய தோழி ஒருத்தி. முடிவினால் லாபம் அடைகிற யாரும் இந்த மூவரில் இருக்கக்கூடாது. புரோக்கர், இல்லம் நடத்துகிறவர், மகன், மகள் எல்லாரும் அந்தப் பக்கம். அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. அவர்களுக்கு ஒரு விருப்பம் இருக்கிறது, அதனால்தான்.

'மனசமாதானம் வந்தது' என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். இழுபறி முடிந்தால் எந்த முடிவுக்கும் ஒரு நிம்மதி வரும், தவறான முடிவுக்கும் வரும். கெத்செமனேயில் இயேசுவுக்கு வியர்வை இரத்தத்தின் பெருந்துளிகளைப்போல் விழுந்தது, பிதாவின் சித்தத்தின் நடுவில்தான் அது நடந்தது. வந்த சமாதானம் மெய்தானா என்று பார்க்க, இரண்டு வாரம் கழித்தும் நிற்கிறதா, பகலிலும் நிற்கிறதா, அந்த மூவரும் எதிர்க்கேள்வி கேட்டபின்னும் நிற்கிறதா என்று பாருங்கள். இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையைத் தொடங்கிய இக்னேஷியஸ் லொயோலா 16-ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த விதி ஒன்று உண்டு: மனம் வறண்டு, ஆண்டவர் தூரமாகத் தோன்றும் காலத்தில், அதற்கு முன் தெளிவாக இருந்தபோது எடுத்த தீர்மானங்களை மாற்றாதே. வேறு சபைக்காரர் ஆயிற்றே என்று ஒதுக்கிவிடாதீர்கள், மனதின் போக்கைக் கூர்ந்து கவனித்தவர் அவர்.

அவர் வழியில் வந்த பழக்கம் ஒன்றையும் உங்களுக்குக் கொடுக்கிறேன். தினமும் இரவு ஜெபத்துக்கு முன் இரண்டு வரி எழுதுங்கள். இன்றைக்கு எந்த நேரத்தில் உயிர் வந்ததுபோல் இருந்தது? எந்த நேரத்தில் உயிர் போனதுபோல் இருந்தது? விளக்கம் எழுதாமல், நேரமும் இடமும் ஆட்களும் மட்டும். முப்பது நாள் திரும்பி வாசிக்காதீர்கள். பிறகு அறுபது வரியையும் ஒரே மூச்சில் வாசியுங்கள். திரும்பத் திரும்ப வருகிற ஆட்களும் வேலைகளும் கண்ணில் படும். சீட்டைவிட இது மெதுவானதுதான், ஆனால் உங்களையே வைத்து எழுதப்பட்டது.

இப்போது வழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். திரும்பி வரக்கூடிய வழி எது, திரும்பவே முடியாத வழி எது என்று பிரித்தாலே பாதித் தெளிவு கிடைக்கும். பெங்களூருக்குப் போய் வரலாம். விற்ற வீட்டுக்குத் திரும்ப முடியாது. ஆகவே அடுத்த மே 31 வரை வீடு விற்பனை என்ற பேச்சே வேண்டாம். பெங்களூரில் ஆறு வாரம் இருந்து பாருங்கள், திரும்பும் டிக்கெட்டைப் போகும்போதே எடுத்துவிடுங்கள். விருந்தாளியாக இல்லாமல் குடியிருப்பவளாக அங்கே இருக்கவேண்டும், அப்போதுதான் உண்மை தெரியும். போவதற்கு முன் மருமகளிடம் நேரடியாக, மகன் வழியாக அல்ல, பேசுங்கள்: எனக்கென்று ஒரு அறை உண்டா, அடுப்படி யாருடையது, பேரப்பிள்ளைகளை எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை நான் பார்க்கவேண்டும், மாதம் எவ்வளவு நான் தரட்டும், ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனைக்கு யார் கூட்டிப்போவார்கள். இந்தக் கேள்விகள் மகன் வீட்டில் கேட்கத் தயக்கமாக இருக்கும். கேட்காமல் போகிறவர்கள்தான் ஒரு வருடத்தில் மனஸ்தாபத்தோடு திரும்புகிறார்கள்.

பிற்காலத்தில் வீட்டைப் பற்றி முடிவெடுத்தாலும் இதை நினைவில் வையுங்கள். உங்கள் பங்கைப் பிள்ளைகள் பேரில் செட்டில்மெண்ட் (இப்போதே எழுதிக்கொடுக்கும் பத்திரம்) எழுதினால், பத்திரம் பதிவான அன்றே அது அவர்களுடையது. உயில் என்றால் உங்கள் காலம்வரை உங்களுடையது, எத்தனை முறையும் மாற்றலாம், இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டால் போதும். செட்டில்மெண்ட்தான் என்றால், உங்களைப் பராமரிக்கவேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், பிரிவு 23-இன்படி, அந்த நிபந்தனை மீறப்பட்டால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். புது ஃபிளாட்டுக்கு உங்கள் பணம் போகிறதென்றால் பத்திரத்தில் உங்கள் பெயரும் இருக்கட்டும். மகனை நம்பாததாகாது இது. மருமகளுக்கும் மகளுக்கும் நாளைக்குக் கசப்பு வராமல் காக்கிற வழி.

பிள்ளைகள் இல்லத்தைப் பற்றி எனக்குத் தயக்கம் இருக்கிறது. அழைப்பும் பணமும் ஒரே வாயில் கேட்கப்பட்டால் இரண்டையும் பிரித்துவிடுங்கள். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிரிவு 41-இன் கீழ் அந்த இல்லம் பதிவு செய்யப்பட்டிருக்கவேண்டும். சான்றிதழின் நகலைக் கேளுங்கள். வெளிநாட்டுப் பணம் வந்தால் அதற்கான மத்திய அரசுப் பதிவும் இருக்கவேண்டும். உண்மையாக நடத்துகிறவர் மகிழ்ச்சியோடு காட்டுவார். காட்ட யோசித்தால் அதுவே உங்களுக்குப் பதில். எல்லாம் சரியாக இருந்தால் 15 நாள் போய்ப் பாருங்கள், ஒரு ரூபாயும் கொடுக்காமல். இந்தி தெரியாத அறுபது வயதுக்காரி அங்கே பிள்ளைகளோடு எப்படிப் பேசுவாள் என்பதும் ஆவிக்குரிய கேள்விதான். பணிக்கொடைப் பணத்தை ஒரு வருடத்துக்கு யாரும் தொடமுடியாதபடி வைத்துவிடுங்கள். அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம், ஐந்து வருடத் தவணை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும். "டெபாசிட்டில் இருக்கிறது" என்று சொல்வது 'இல்லை' என்று சொல்வதைவிட உங்கள் சுபாவத்துக்கு எளிது.

9.20 மணிக்கு வருவோம். அந்தப் படபடப்பை வீட்டுக்குள் உட்கார்ந்து வெல்ல முடியாது. 9.10-க்குச் செருப்பைப் போட்டு வெளியே கிளம்பிவிடுங்கள், நூலகத்துக்கோ காய்கறிக் கடைக்கோ யாராவது நோயாளியைப் பார்க்கவோ. கால் நடந்துகொண்டிருந்தால் மணி சீக்கிரம் ஓயும். வாரத்துக்கு மூன்று நிலையான வேலைகள் வைத்துக்கொள்ளுங்கள், நான்காவது வேண்டாம். உதாரணத்துக்கு, தெருவில் வாசிக்கத் திணறுகிற இரண்டு பிள்ளைகளுக்குச் செவ்வாயும் வியாழனும் 45 நிமிடம். டியூஷன் சென்டர் ஆரம்பிக்காதீர்கள். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியைகளைச் சங்கங்களும் கமிட்டிகளும் தேடி வரும். வெறுமை தாங்காமல் எல்லாவற்றுக்கும் 'சரி' சொன்னால் ஆறு மாதத்தில் சங்கச் சண்டைக்கு நடுவில் நிற்பீர்கள், துக்கம் மறுபடி மூடிக்குள் போய்விடும்.

நோட்டின் இன்னொரு பக்கத்தில், பள்ளி உங்களுக்கு என்னென்ன கொடுத்தது என்று பிரித்து எழுதுங்கள். நேர ஒழுங்கு, பிள்ளைகள், சக ஆசிரியைகளோடு குடித்த பதினோரு மணி டீ, முடிவெடுக்கும் அதிகாரம், 'பெரிய டீச்சர்' என்ற பெயர், சாவிக்கொத்து. இவை ஒன்றல்ல. டீ நேரத்துத் தோழமையை மாதம் ஒரு சந்திப்பாக மீட்கலாம். நேர ஒழுங்கை நீங்களே உண்டாக்கலாம். அதிகாரமும் சாவியும் திரும்பாது, அவற்றுக்காகத்தான் அழவேண்டும். ஓர் என்னும் மலையில் பிரதான ஆசாரியனான ஆரோனின் வஸ்திரங்களைக் கழற்றி அவன் மகன் எலெயாசாருக்கு உடுத்தினார்கள் என்று எண்ணாகமம் 20-இல் வாசிக்கிறோம். கழற்றும்போது ஆரோன் உயிரோடு நின்றுகொண்டிருந்தான். அது எவ்வளவு வலி என்று உங்களுக்கு இப்போது தெரியும். புதிய தலைமை ஆசிரியை அழைக்கும்வரை பள்ளிக்குப் போகாதீர்கள். போனில் கேட்டால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். ஞாயிறு பள்ளிக்கும் அதேதான், இந்த வருடம் மட்டும்.

மகனிடம் என்ன சொல்வது என்று தவிப்பீர்கள். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "நீ கூப்பிட்டதே எனக்குப் பெரிய ஆறுதல் ராஜா. மருத்துவரைப் பார்த்துவிட்டு ஆறு வாரம் உன்னோடு வந்து இருக்கிறேன். வீட்டைப் பற்றி அடுத்த மே முடியட்டும், தங்கச்சியையும் வைத்து மூன்று பேரும் உட்கார்ந்து பேசுவோம்." மகன் இளையவராக இருந்தால் 'அக்காவையும்' என்று மாற்றிக்கொள்ளுங்கள். நான்காம் நாள் மறுபடி கேட்பார். அதே வாக்கியங்களையே திரும்பச் சொல்லுங்கள், புதுக் காரணம் தேடாதீர்கள்.

பரிசோதனை முடிவுகள் வந்ததும், முப்பது நாள் நோட்டை வாசித்ததும் எனக்கு எழுதுங்கள். அறுபது வரியில் எந்தப் பெயர் அடிக்கடி வந்தது என்று மறக்காமல் குறிப்பிடுங்கள். அங்கிருந்து அடுத்ததைப் பேசுவோம்.

அன்புடன்,
ஆலோசகர்